நாட்பட்ட கணக்கு

தமிழில் ‘நாட்பட்ட நோய்’ என்கிறோம். நாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உண்டான நோய் என்பது அதன் பொருள். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடுவது கடினம். காய்ச்சல் வந்தால் அன்றே தெரிகிறது. எலும்பு முறிந்தால் அக்கணமே தெரிகிறது. இவையோ பத்தாண்டு, இருபதாண்டு உடலுக்குள் குடியிருந்த பின்னரே தம்மை அறிவிக்கின்றன. ஆனால் நாள்களால் ஆன இந்நோய்களுக்கு நாம் பெறும் மருத்துவம் பெரும்பாலும் ஒரு நாளைப் பார்த்துச் செய்யப்படுவது. காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கிறோம். மாலையில் தாள் வருகிறது. தடித்த எழுத்தில் அச்சான எண் ஏதேனும் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். மாத்திரை கூடுகிறது, அல்லது குறைகிறது. சென்ற ஆண்டின் தாள் அந்த மேசையில் இருப்பதில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்லும் குறளை மருத்துவமனைச் சுவர்களில் பலமுறை படித்திருக்கிறோம். அதற்கு அடுத்த குறளை அங்கே காண்பது அரிது. நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கற்றவன் கருதிச் செயல்பட வேண்டும் என்கிறது அது. காலம் என்பதைப் பருவமாகவும் பொழுதாகவும் கொள்வது வழக்கம். அந்த நோய் அந்த உடலில் நடந்து வந்த காலம் என்று கொள்ளவும் இடமிருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. இக்கட்டுரை அந்த மூன்றாவது சொல்லைப் பற்றியது.

*

எழுதுபவர்கள் மூவர், ஒரு தாயின் மக்கள். ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், வானூர் வட்டத்தில் உள்ள கடலோர ஊர். மேற்கே ஆரோவில்லின் செம்மண் மேடு, கிழக்கே கடல். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எண்பதுகளின் இறுதியில் எழுந்த பின்னர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, எங்கள் பக்கத்துக் கரை தேய்ந்துவந்தது. நாள்தோறும் கரையில் வலை உலர்த்துபவருக்கு இந்தத் தேய்வு சட்டென்று தெரிவதில்லை. பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை அடுக்கிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு நிலம் போயிருக்கிறது என்பது விளங்குகிறது.

எங்கள் அம்மா இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிறந்தது வடக்கே மரக்காணத்தில், உப்பளத் தொழிலாளர் வீட்டில், 1953இல். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கொள்வர். அந்தப் பெருமையை அம்மா அறியமாட்டார். அவர் அறிந்தது பாத்தியின் வெண்மையும், அது கண்ணில் தெறிக்கும் வெயிலும். திருமணமாகும்வரை அவரும் அவருடைய அக்காவும், அதாவது எங்கள் பெரியம்மாவும், ஒரே பாத்தியில் வேலை செய்தவர்கள். அம்மா உப்பளத்தை விட்டு வந்தார். பெரியம்மா விடவில்லை.

2006இல், தம் 53ஆம் வயதில், அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் அவர் பார்த்த மருத்துவர்கள் ஐவர். இரத்தம் கொடுத்த பரிசோதனை நிலையங்கள் அதைவிடக் கூடுதல். மருத்துவர் ஒருவர் வெளிநாடு சென்றார். ஒருவர் மருத்துவமனையை மாற்றினார். ஒரு பரிசோதனை நிலையம் மூடப்பட்டது. ஓர் இடத்தில் அம்மாவின் ஐந்தாண்டுக் கோப்பைக் கேட்டபோது, பழைய கோப்புகளைக் கழித்துவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. ஐந்தாண்டுக்கு முந்தைய சர்க்கரை அளவு யாருக்குப் பயன்படும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் அவருடையது மட்டுமன்று.

வீட்டில் எஞ்சியிருந்தவை 41 தாள்கள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த துணிப்பையிலும், பீரோவிலும், பழைய நாள்காட்டியின் பின்புறத்திலும் கிடந்தவை. 2019இல் எங்களில் இளையவள் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, கடைக்கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்றில் படியெடுத்தாள். தேதி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கிரியாட்டினின் என்று ஐந்து கட்டங்கள்.

மூன்று மாதச் சர்க்கரை என்று நம் ஊர்களில் வழங்கும் எச்பிஏ1சி பரிசோதனையே காலத்தைக் கணக்கில் கொள்ளும் பரிசோதனை என்பதைச் சொல்ல வேண்டும். இரத்தச் சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். அந்நாள்களில் இரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை அணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வருகிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்திய இரவு மட்டும் பட்டினி கிடந்து நல்ல பெயர் வாங்க நினைப்பவர்களை இது காட்டிக்கொடுத்துவிடுகிறது. அம்மாவின் வரிசையில் இந்த எண் 7க்கும் 8க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண்டித்துக்கொண்டே பொறுத்துக்கொள்ளக்கூடிய எண்.

எங்களை நிறுத்தியது ஐந்தாவது கட்டம். 2015இல் கிரியாட்டினின் 0.8. 2019இல் 1.1. இடையில் 0.9, 1.0. அந்தத் தாள்களில் அச்சிட்டிருந்த இயல்பு வரம்பு 1.2 வரை. ஆகவே ஒரு தாளிலும் இந்த எண் தடித்த எழுத்தில் இல்லை. பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இல்லை. தனித்தனியே பார்த்த ஒவ்வொருவரும் சரியாகவே பார்த்தார்கள். ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று ஒவ்வொரு தாளும் உண்மையைச் சொன்னது. நான்கையும் வரிசையில் நிறுத்தியபோது அவை வேறொன்றைச் சொல்லின.

நோட்டைப் புதிதாகச் சென்ற மருத்துவரிடம் கொடுத்தோம். அவர் கைப்பேசியில் ஒரு கணக்குப் போட்டார். கிரியாட்டினின், வயது, பால் ஆகியவற்றைக்கொண்டு சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் கணக்கு அது, இஜிஎஃப்ஆர் என்பார்கள். இன்று வழக்கிலுள்ள 2021ஆம் ஆண்டின் சமன்பாட்டில் போட்டால், 62 வயதில் அம்மாவின் அளவு ஏறத்தாழ 83. 66 வயதில் ஏறத்தாழ 55. அன்றைய சமன்பாட்டிலும் பெரிய வேறுபாடில்லை. நான்கே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது, எல்லாம் இயல்பு வரம்புக்குள் இருந்தபடியே.

அதன்பிறகு நடந்தவை எளியவை. சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்று பார்த்தார்கள், கசிந்தது. முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கிவந்த வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரை, டெல்மிசார்ட்டன், கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது கிரியாட்டினின் 1.1இலிருந்து 1.2 ஆகியிருந்தது. அந்த ஒரு தாளை மட்டும் வேறு எவரிடமேனும் காட்டியிருந்தால், புதிய மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று நிறுத்தியிருக்கக்கூடும். அந்த வகை மருந்து தொடங்கும்போது சிறுநீரக வடிகட்டிகளின் உள்ளழுத்தம் குறைவதால் கிரியாட்டினின் சற்று ஏறுவது இயற்கை. 30 விழுக்காடு வரையிலான ஏற்றத்தைப் பொறுக்கலாம் என்பது மருத்துவ நெறி. முந்தைய எண் கையில் இருப்பவருக்கே இந்த 30 விழுக்காட்டைக் கணக்கிட முடியும். முந்தைய எண் இல்லாதவருக்கு நெறி இருந்தும் பயனில்லை.

2025இன் கடைசிப் பரிசோதனையில் அம்மாவின் கிரியாட்டினின் அதே 1.2. வயது 72. இஜிஎஃப்ஆர் ஏறத்தாழ 48. நான்கு ஆண்டுகளில் 28 இழந்தவர், அடுத்த ஆறு ஆண்டுகளில் 7 இழந்திருக்கிறார். இனி 45க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நோய் போய்விடவில்லை, அதன் சரிவு குறைந்திருக்கிறது. நாட்பட்ட நோயில் மருத்துவம் என்பது பெரும்பாலும் இதுதான்.

*

நோட்டில் புள்ளி வைத்துக் கோடிழுத்து அம்மாவிடம் காட்டியபோது, அவர் எங்களைவிட விரைவாகப் புரிந்துகொண்டார். ‘‘இது டிகிரி பாக்குற மாதிரிதானே’’ என்றார்.

உப்பளத்தில் உவர்நீரின் அடர்த்தியை ஒரு கண்ணாடி மிதவையால் அளப்பார்கள். பாமே என்னும் பிரெஞ்சுக்காரர் 1768இல் வகுத்த அளவுமுறை; அவர் தொழிலால் மருந்தாளர். கடல்நீர் அந்த அளவில் ஏறத்தாழ 3 டிகிரி. ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி வெயிலில் வற்றவிடும்போது படிப்படியாக ஏறுகிறது. 25 டிகிரி அளவில் உப்பு படியத் தொடங்கும். 29, 30 என்று விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகளும் உடன் படிந்து கசக்கும். ஆகவே எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதே தொழில்.

‘‘ஒரு நா டிகிரிய வெச்சிக்கிட்டு என்னா பண்ணுவ? நேத்து எவ்ளோ, இன்னிக்கு எவ்ளோன்னு தெரிஞ்சாத்தானே நாளைக்கு மடையத் தொறக்கறதா வேணாமான்னு சொல்ல முடியும்’’ என்றார் அம்மா.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவர், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகள் பல பக்கங்களில் நிறுவ முயலும் கருத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். ஓர் அளவு நிலையைக் காட்டும். இரண்டு அளவுகள் திசையைக் காட்டும். மூன்றாவது அளவு வேகம் மாறுகிறதா என்று காட்டும். மருந்து தர வேண்டியது திசைக்கும் வேகத்துக்கும்.

*

பெரியம்மாவுக்கு இருந்தது ஒரே ஓர் எண்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பாத்தியில் நின்றவர். சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் இருந்ததா என்று எவரும் பார்த்ததில்லை. கால் வீக்கத்தோடும் ஓயாத வாந்தியோடும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது எடுத்த முதல் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 7க்கு மேல். அது எப்போது 1ஆக இருந்தது, எந்த ஆண்டில் 2ஐத் தாண்டியது, எந்தக் கோடையில் ஏற்றம் விரைந்தது என்று மருத்துவர் கேட்டார். கேள்விகள் நியாயமானவை. விடை சொல்ல ஒரு தாளும் இல்லை. ஊடுகதிர்ச் சோதனையில் சிறுநீரகங்கள் சுருங்கியிருந்தன. ஆகவே இது பழைய நோய் என்று மட்டும் ஊகித்தார்கள். டயாலிசிஸ் தொடங்கியது. பதினான்கு மாதம் இருந்தார்.

ஒரே வீட்டில் பிறந்த இரு சகோதரிகள். ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. அதன் பயனாக இரத்தம் கொடுக்கவும், தாள் சேரவும் வாய்ப்பு வந்தது. மற்றவர் ‘நோயில்லாதவர்’, ஆகவே அவரிடம் கணக்கே இல்லை. நோயைவிடக் கணக்கின்மை கொடியதாக முடிந்ததை எங்கள் குடும்பத்தில் கண்டோம்.

உப்பளத்துச் சிறுநீரகங்களைப் பற்றி இன்று சிறிதளவேனும் தெரிந்திருக்கிறது என்றால், சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் செய்த பணி அதற்கு முக்கியக் காரணம். 2017க்கும் 2020க்கும் இடையே தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரக வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கழிப்பிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்பதையும் அக்குழு எடுத்துக்காட்டியது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, ‘‘இதுக்கு ஆராய்ச்சி வேணுமா’’ என்று கேட்டார். வேண்டும் என்றே நினைக்கிறோம். அவர் அறிந்ததை எண்ணாக்கிக் காட்டாமல், சட்டமோ முதலாளியோ ஒரு கழிப்பறையும் ஒரு பந்தலும் தரப்போவதில்லை.

எனினும் ஓர் ஆய்வு எடுக்கும் படம் ஒரு பருவத்தின் படம். உப்பளத்தில் இந்த வரம்பு இன்னும் கூர்மையானது. பகல் முழுவதும் வியர்த்து நீரிழந்த ஒருவருக்கு மாலையில் கிரியாட்டினின் பார்த்தால் கூடுதலாகவே காட்டும். இரண்டு நாள் ஓய்வெடுத்து நீரருந்திய பின் இறங்கக்கூடும். இறங்காமல் நிற்பதுதான் நோய். இதனால்தான் நாட்பட்ட சிறுநீரக நோயின் இலக்கணத்திலேயே, 2002இல் அது வகுக்கப்பட்ட நாள் முதல், மூன்று மாதம் என்னும் காலவரை இடம்பெற்றிருக்கிறது. குறைபாடு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மட்டுமே அப்பெயர் சூட்டலாம். ஒற்றைத் தாளால் நிறுவ முடியாத நோய் இது.

தமிழக வேளாண் தொழிலாளர் 3,350 பேரிடையே நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வும் இவ்வழியே நடந்தது. முதல் சோதனையில் ஐயத்துக்கு இடமானவர்களை மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்த பின்னரே முடிவு கட்டினார்கள். நூற்றுக்கு ஐவர் அளவில் நோயாளிகள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற அறியப்பட்ட காரணம் எதுவும் இல்லை. எங்கள் பெரியம்மா அந்தப் பாதியைச் சேர்ந்தவர். இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகள், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியினர், நிகராகுவா, எல் சால்வடோர் நாடுகளின் கரும்பு வெட்டுவோர் என்று வெயிலில் உழைக்கும் மனிதர்களின் ஒரு நீண்ட வரிசை அது.

*

நோயாளியின் கணக்கைத் தொடர்ந்து எழுதுவதென்பது கணினியோடு வந்த கருத்தன்று. பாஸ்டன் நகரின் மருத்துவர் எலியட் ஜோஸ்லின் 1893இல் தொடங்கித் தம் சர்க்கரை நோயாளிகளைப் பேரேட்டில் எழுதிவந்தார். பேரேட்டின் எட்டாம் எண்ணுக்குரிய நோயாளி அவருடைய தாயார். இன்சுலின் இன்னும் கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், யார் எவ்வளவு நாள் வாழ்ந்தார், என்ன உண்டார், எதனால் இறந்தார் என்னும் கணக்கிலிருந்தே அவருடைய மருத்துவம் உருவாயிற்று. சென்னையில் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோது, இந்தியாவில் அத்தகைய பிரிவு அதுவே முதல் என்பர். நோயாளி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். அதற்கு அந்த இடம் இருக்க வேண்டும்.

பிரிட்டனில் 1977இல் தொடங்கி, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1998இல் முடிவுகளை வெளியிட்டது. சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகக் கேடுகள் குறைவு என்பது அம்முடிவு. எங்களை வியக்கவைத்தது அதன் பின்கதை. ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனால் பத்தாண்டு கழித்து, 2008இல், பார்த்தபோது தொடக்கத்தில் நன்கு கட்டுப்படுத்தியவர்களிடம் அந்த நன்மை இன்னும் மீந்திருந்தது. மருத்துவமனை கோப்பைக் கழித்தாலும் உடல் தன் பேரேட்டைக் கழிப்பதில்லை.

இவை தொலைவிலுள்ள கதைகள். அருகிலும் ஒன்று உண்டு. மரக்காணத்துக்கு வடக்கே, அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இன்று செங்கல்பட்டு மாவட்டத்திலும் அடங்கிய சூணாம்பேட்டில், மருத்துவர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் 2006இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அம்மாவுக்கு நோய் கண்டறியப்பட்ட அதே ஆண்டு. 42 ஊர்கள். வயதுவந்தோர் 27,014 பேரில் 23,449 பேரைச் சோதித்தார்கள். செயற்கைக்கோள் தொடர்பு கொண்ட ஊர்தி ஒன்று ஊர் ஊராகச் சென்றது. அதில் எடுத்த விழித்திரைப் படங்களைச் சென்னையில் இருந்த மருத்துவர்கள் பார்த்தார்கள். சோதித்ததோடு நிற்காமல் அங்கேயே ஒரு மருத்துவ மையம் அமைத்து நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 9.3இலிருந்து 8.5ஆக இறங்கியது. மேல் சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்ப நேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. 8.5 நல்ல எண் அன்று. ஆனால் ஒரு முழு வட்டாரத்தின் சராசரி இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்ல முடிந்ததே, முதல் எண் எழுதப்பட்டிருந்ததால்தான்.

இயந்திரம் ஏதுமின்றியும் இது நடந்திருக்கிறது. சிறுநீரக மருத்துவர் எம். கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஊர்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே வீடுவீடாகச் சோதனை நடத்தியது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களே பணியாளர்கள். சிறுநீரில் புரதம் பார்க்க ஓர் அமிலம், சர்க்கரை பார்க்கப் பழைய பெனடிக்ட் கரைசல், ஓர் இரத்த அழுத்தமானி. மருந்துகளும் விலை மலிந்த பழைய மருந்துகளே. ஆண்டுக்குத் தலைக்கு ஆன செலவு கால் டாலர் அளவு. உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது 140/90க்குக் கீழே கொண்டுவரப்பட்டது. அந்தப் பெண்களிடம் இருந்த பெரிய கருவி, போன முறை என்ன எழுதினோம் என்று திருப்பிப் பார்க்க உதவிய பதிவேடுதான்.

*

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அதற்குக் கிடைத்தது. 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டமும் நடைபெறுகிறது. பெரியம்மாவின் காலத்தில் இவை இல்லை என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இத்திட்டங்களால் எண்கள் பெருகிவிட்டன. அவை கைப்பேசி வழியே மேலே போகின்றன. மாவட்டத்தின் எண்ணாக, மாநிலத்தின் எண்ணாக ஆகின்றன. அது தேவைதான். எத்தனை மாத்திரை வாங்குவது, எந்த வட்டாரத்தில் நோய் கூடுகிறது என்பதை அப்படித்தான் அறிய முடியும். ஆனால் அந்த எண்ணுக்குரியவரின் கையில் அவருடைய வரிசை இருக்கிறதா? மரக்காணத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போகும் ஒருவரோடு அவருடைய கணக்கும் போகிறதா? பார்க்க வரும் மருத்துவருக்கு மூன்றாண்டுக் கோட்டைப் பார்க்க மூன்று நிமிடம் இருக்கிறதா? எண்ணைச் சேர்ப்பது எளிதாகிக்கொண்டே போகிறது. அதைப் படிக்கும் ஆளும் பொழுதும் அதே அளவில் பெருகவில்லை.

எங்கே வைத்துக் காப்பது என்னும் கேள்விக்கும் ஒரே விடை இல்லை. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கி, நாள்கணக்கில் எல்லாவற்றையும் கையால் எழுத நேர்ந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர். நீள நோட்டு ஊறிப்போய், மை கரைந்து, பாதிப் பக்கங்கள் நீல நிறமாயின. மூவரின் கைப்பேசியிலும் அப்பக்கங்களின் படங்கள் இருந்ததால் கணக்கு பிழைத்தது. நோட்டு கணினியைக் காக்கட்டும். கணினி நோட்டைக் காக்கட்டும். எதுவானாலும் ஒரு படி நோயாளியின் வீட்டில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் துணிபு.

எண்களை வழிபடச் சொல்லவில்லை. அம்மா சில மாதம் இரத்தம் கொடுக்க மறுத்துவிடுவார். ‘‘நான் என்னா பாத்தியா, தெனம் டிகிரி பாக்க’’ என்று கேட்பார். அப்போது நாங்கள் வற்புறுத்துவதில்லை. அவருடைய பேரன் திருமணத்தன்று அவர் உண்ட பாயசம் எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை. வரிசை நீளமாக இருப்பதன் நன்மை இதுவும்தான்: நடுவில் ஓரிரு புள்ளிகள் விடுபட்டாலும் திசை தெரியும். ஒற்றைத் தாளை நம்பி வாழ்பவருக்கு அந்த விடுதலை இல்லை.

பெரியம்மாவின் மகள், எங்கள் அக்கா, இன்றும் மரக்காணத்து உப்பளத்துக்குத்தான் போகிறார். வயது 51. சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை. ‘‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லயே, எதுக்கு’’ என்று இரண்டாண்டு சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கென்று தனி நோட்டு இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, வேலைக்குப் போகாத நாளின் காலையில், ஒரே பரிசோதனை நிலையத்தில் கிரியாட்டினினும் சிறுநீரும் பார்க்கிறோம். உப்புப் பருவம் தொடங்குமுன் ஒன்று, கோடை முடிந்ததும் ஒன்று. இதுவரை நான்கு எண்கள்: 0.7, 0.9, 0.7, 0.9. கோடையில் ஏறுகிறது, மழைக்காலத்தில் இறங்கிவிடுகிறது. மருத்துவர் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, மாத்திரை எதுவும் எழுதவில்லை. தண்ணீர், நிழல், நண்பகலில் இரண்டு மணி நேர ஓய்வு என்று எழுதினார். அந்தச் சீட்டை அக்கா மேஸ்திரியிடம் காட்டினார். பந்தல் ஒன்று போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது எண் வரும் ஜனவரியில்.